14,000 கோப்புகள் இருந்தும் பதில் கிடைக்க 11 நாள் ஏன்?

வாசகர் கடிதத்தின் சுருக்கம்: "நோய் கண்டறியும் கருவிகளைத் தயாரிக்கும் நடுத்தர நிறுவனம் ஒன்றில் விநியோகத் திட்டமிடல் பிரிவுக்குப் பொறுப்பாக இருக்கிறேன். ஒன்பது நாடுகளிலிருந்து ஏறக்குறைய 260 சப்ளையர்கள் எங்களுக்கு உதிரிபாகங்கள் அனுப்புகிறார்கள். நான்கு மாதங்களுக்கு முன்பு, அவர்களில் ஒருவருக்குப் பிளாஸ்டிக் மூலப்பொருள் கொடுக்கும் ஆலை விபத்தில் நின்றுபோனது. எங்கள் கருவிகளில் எவையெவை பாதிக்கப்படும் என்று கண்டுபிடித்து, மாற்று ஏற்பாட்டுக்கு ஒப்புதல் வாங்க 11 நாள் ஆயிற்று. அதற்குள் சந்தையில் மிச்சமிருந்த சரக்கை மற்றவர்கள் வாங்கிவிட்டார்கள். எங்கள் ஆவணக் களஞ்சியத்தில் 14,000 கோப்புகள் இருக்கின்றன, ஒருவரும் திறப்பதில்லை. இப்போது நிர்வாகம், செயற்கை நுண்ணறிவு உதவியாளருடன் கூடிய அறிவு மேலாண்மை மென்பொருளை வாங்க நினைக்கிறது. இதற்கிடையில், 27 ஆண்டு அனுபவமுள்ள எங்கள் மூத்த கொள்முதல் அலுவலர் ஐந்து மாதத்தில் ஓய்வுபெறுகிறார். எங்கிருந்து தொடங்குவது?"

அன்புள்ள வாசகருக்கு,

உங்கள் கடிதத்தில் எனக்கு மிகவும் பயன்பட்டது, இணைப்பாக நீங்கள் அனுப்பியிருந்த அந்த 11 நாள் கணக்குதான். விபத்தைப் பற்றிய மின்னஞ்சல் விடுப்பிலிருந்த ஒருவரின் பெட்டியில் 2 நாள் கிடந்திருக்கிறது. அந்த மூலப்பொருள் எந்தெந்த உதிரிபாகங்களில் சேர்கிறது என்று சப்ளையரிடம் கேட்டுத் தெரிந்துகொள்ள 4 நாள் ஆகியிருக்கிறது. அந்த உதிரிபாகங்கள் எந்தக் கருவிகளுக்குள் போகின்றன என்று பொறியியல் பிரிவு ஒரே நாளில் சொல்லிவிட்டது. வழக்கமான விலைக்கு மேல் கொடுத்து வாங்க யார் கையெழுத்திடுவது என்ற கேள்வி மூன்று மேசைகளுக்கிடையே மீதி 4 நாளும் அலைந்திருக்கிறது. இப்படிப் பிரித்துப் பார்த்தால், தெரியாமையால் போனது 5 நாள்தான். தெரிந்த செய்தி உரியவரிடம் போய்ச் சேராமலும், சேர்ந்த பிறகு முடிவாக மாறாமலும் போனது 6 நாள். உங்கள் நிர்வாகம் வாங்க நினைக்கும் மென்பொருள் அந்த 5 நாளில் ஒரு பகுதியைக் குறைக்கக்கூடும். இந்த 6 நாளை அது தொடக்கூட முடியாது.

ஆகவே கோப்புகளிலிருந்து தொடங்காதீர்கள் என்பதுதான் என் முதல் ஆலோசனை. முடிவுகளிலிருந்து தொடங்குங்கள். உங்கள் பிரிவு ஓர் ஆண்டில் திரும்பத் திரும்ப எடுக்கும் கடினமான முடிவுகளை எண்ணிப் பார்த்தால் பத்தோ பன்னிரண்டோதான் தேறும். எந்தப் பொருளுக்கு எவ்வளவு பாதுகாப்புக் கையிருப்பு (தாமதம் வந்தால் தாங்கக் கூடுதலாக வைத்திருக்கும் சரக்கு) வைப்பது, கப்பலில் வரவேண்டியதை எப்போது விமானத்துக்கு மாற்றுவது, ஒரே சப்ளையரை நம்பியிருக்கும் பொருளுக்கு இரண்டாமவரைத் தேடும் செலவு தகுமா, தட்டுப்பாடு வந்தால் இருக்கும் சரக்கை எந்த வாடிக்கையாளருக்கு முதலில் ஒதுக்குவது, ஒரு சப்ளையர் தொடர்ந்து தாமதித்தால் எந்தக் கட்டத்தில் அவரை விட்டு விலகுவது என்ற வகையைச் சேர்ந்தவை அவை. ஒவ்வொன்றுக்கும் நான்கு கேள்விகளுக்கு விடை எழுதுங்கள்: யார் முடிவெடுப்பவர், எவ்வளவு நேரத்துக்குள் எடுத்தாக வேண்டும், அதற்கு அவர் எதையெல்லாம் தெரிந்திருக்க வேண்டும், அந்தத் தகவல் எவ்வளவு பழையதாக இருந்தால் தாங்கும். இந்த நான்காவது கேள்வியைப் பெரும்பாலான நிறுவனங்கள் கேட்பதே இல்லை. இந்தப் பயிற்சி முடியும்போது, 14,000 கோப்புகளில் சில நூறுக்கு மேல் எந்த முடிவுக்கும் தேவைப்படவில்லை என்பது தெரியவந்தால் நான் வியக்கமாட்டேன். உண்மையில் தேவைப்படும் சில தகவல்கள் எந்தக் கோப்பிலும் இல்லை என்பதும் அப்போதே தெரியவரும்.

தகவல் கையில் இருப்பதும் முடிவெடுப்பதும் வெவ்வேறு என்பதற்கு எங்கள் துறையில் சலிக்கும் அளவுக்குச் சொல்லப்படும் ஒரு நிகழ்ச்சி உண்டு. 2000 மார்ச் 17 இரவு, அமெரிக்காவின் நியூ மெக்சிகோ மாநிலத்தில் அல்புகர்க்கி நகரில் இருந்த பிலிப்ஸ் சிப் ஆலையில் மின்னல் தாக்கித் தீப்பிடித்தது. தீ சுமார் பத்து நிமிடத்தில் அணைந்தது. ஆனால் புகையும் நீரும், சிப்புகள் தயாராகும் தூசியற்ற தூய்மை அறைகளைக் கெடுத்துவிட்டன. நோக்கியா, எரிக்சன் இரண்டுக்கும் அந்த ஆலையிலிருந்து கைபேசிச் சிப்புகள் போய்க்கொண்டிருந்தன. ஒரு வாரம் தாமதமாகும் என்ற ஒரே செய்திதான் இரு நிறுவனங்களுக்கும் சொல்லப்பட்டது. நோக்கியா அந்தச் சிப்புகளைத் தனிக் கண்காணிப்பில் வைத்து நாள்தோறும் விசாரித்தது. நிலைமை சொன்னதைவிட மோசம் என்று தெரிந்தவுடன் மேலிடம் தலையிட்டு, கிடைத்த மாற்று உற்பத்தி முழுவதையும் பிடித்துக்கொண்டது. எரிக்சனில் அது வழக்கமான தாமதமாகக் கருதப்பட்டுக் கீழ்மட்டத்திலேயே நின்றது. இழப்பு ஏறக்குறைய 40 கோடி டாலர் என்று கணக்கிடப்பட்டது. நோக்கியாவின் சுறுசுறுப்பைப் பாராட்டுவதோடு இந்தக் கதையை முடித்துவிடுவார்கள். எனக்கு முக்கியமாகப் படுவது வேறு. எந்த அளவு சிக்கல் வந்தால் யாருக்கு, எத்தனை மணி நேரத்துக்குள் சொல்லியாக வேண்டும் என்ற வரம்பு ஓரிடத்தில் நடைமுறையில் இருந்தது, மற்ற இடத்தில் இல்லை. உங்கள் நிறுவனத்துக்கும் அப்படியொரு வரம்பு வேண்டும். மாற்று இல்லாத பொருள் ஒன்றின் வரத்து, கையிருப்பு தாங்கும் நாள்களைவிட அதிகமாகத் தாமதிக்கும் வாய்ப்பு தெரிந்த அன்றே திட்டமிடல் பொறுப்பாளருக்குச் சொல்ல வேண்டும். குறிப்பிட்ட தொகை வரை கூடுதல் விலைக்கு அவரே ஒப்புதல் தரலாம். இந்த இரண்டு வரிகள் எழுத்தில் இருந்திருந்தால் கடைசி 4 நாள் மிச்சமாகியிருக்கும். சப்ளையர்களின் அறிவிப்புகள் தனி மனிதர்களின் மின்னஞ்சலுக்கு வராமல், இருவர் பார்க்கும் பொதுப் பெட்டிக்கு வரவேண்டும் என்பதையும் இத்துடன் சேர்த்துக்கொள்ளுங்கள். இது மிகச் சாதாரண ஏற்பாடு. முதல் 2 நாளை அதுவே காப்பாற்றியிருக்கும்.

இனி அந்த நடுவிலுள்ள 4 நாளுக்கு வருவோம். சப்ளையருக்குச் சப்ளை செய்பவர் யார் என்று தெரியாத நிலை உங்களுக்கு மட்டும் உரியதன்று. 2011 மார்ச் 11 அன்று ஜப்பானைத் தாக்கிய நிலநடுக்கத்துக்குப் பிறகு, உலகின் பெரிய கார் நிறுவனங்கள் சில குறிப்பிட்ட நிறங்களில் கார்களுக்கு ஆர்டர் எடுப்பதைக் கட்டுப்படுத்த நேர்ந்தது. காரணம், வண்ணப்பூச்சுக்கு மினுமினுப்பைக் கொடுக்கும் சைராலிக் என்ற நிறமி அப்போது உலகிலேயே ஓர் ஆலையில் மட்டும், மெர்க் நிறுவனத்தின் ஓனஹாமா ஆலையில், தயாரானது. அது ஃபுகுஷிமா பகுதியில் இருந்தது. கார் நிறுவனங்கள் பெயிண்ட் வாங்கியது வெவ்வேறு நிறுவனங்களிடமிருந்து. ஒன்றுக்கு இரண்டு சப்ளையர்கள் இருக்கிறார்கள் என்ற நிம்மதியும் அவர்களுக்கு இருந்தது. அந்த இரண்டு வழிகளும் கீழே போய் ஒரே ஆலையில் முடிகின்றன என்பதுதான் கண்ணுக்குத் தெரியாமல் இருந்தது. டொயோட்டா அந்த நிலநடுக்கத்துக்குப் பின், தன் நேரடிச் சப்ளையர்களுக்குக் கீழேயுள்ள அடுக்குகளைப் பற்றிய தகவலைத் திரட்டித் தரவுத்தளமாக்கியது. சிப் போன்ற முக்கியப் பொருள்களில் இரண்டு முதல் ஆறு மாதக் கையிருப்பு வைத்திருக்கும்படியும் சப்ளையர்களைக் கேட்டுக்கொண்டது. 2021-இன் தொடக்கத்தில் சிப் தட்டுப்பாட்டால் மற்றவர்கள் உற்பத்தியைக் குறைத்தபோது அது பெரும்பாலும் தாக்குப்பிடித்தது. ஆனால் அதே ஆண்டு செப்டம்பரில் அதுவும் உலகளாவிய உற்பத்தித் திட்டத்தில் 40 சதவீதத்தைக் குறைக்க வேண்டியதாயிற்று. இதையும் சேர்த்தே சொல்கிறேன். ஏனென்றால் இத்தகைய ஏற்பாடு உங்களுக்கு வாங்கித் தருவது நேரம்தான் என்பதை நிர்வாகத்திடம் தொடக்கத்திலேயே சொல்லிவிடுவது நல்லது.

260 சப்ளையர்களுக்கும் கீழே உள்ள அடுக்குகளை வரைபடமாக்க முயன்றால் உங்கள் பிரிவு ஓராண்டு வேறெதையும் செய்ய முடியாது. வரைபடம் முடியும்போது அதன் முதல் பகுதி பழசாகியிருக்கும். அதற்குப் பதிலாக இரண்டு எண்களைக் கையில் எடுங்கள். ஒரு சப்ளையரின் ஆலை நின்றுபோனால் அந்தப் பொருளின் வரத்து பழைய நிலைக்குத் திரும்ப எத்தனை நாள் ஆகும் என்பது மீளும் நாள். உங்களிடமும் வழியிலும் உள்ள சரக்கைக் கொண்டு, வாடிக்கையாளருக்குத் தடையின்றி எத்தனை நாள் கொடுக்க முடியும் என்பது தாங்கும் நாள். மீளும் நாள் தாங்கும் நாளைவிட அதிகமாக இருக்கும் பொருள்களை மட்டும் பிரித்தெடுங்கள். அந்தப் பட்டியல் பெரும்பாலும் நாற்பது ஐம்பதைத் தாண்டாது. அதில் விலை மிகுந்த பொருள்களைவிடச் சில காசு பெறும் வாஷரும் உறையும் ஒட்டும் பசையும்தான் அதிகம் இருக்கும். மதிப்புமிக்க பொருள்களை எல்லோரும் பார்த்துக்கொண்டிருப்பார்கள் என்பதால் ஆபத்து இத்தகைய அற்பப் பொருள்களில்தான் ஒளிந்துகொள்ளும். அடுக்குகளை அறியும் முயற்சியை இந்தப் பட்டியலோடு நிறுத்திக்கொள்ளுங்கள்.

சப்ளையரிடம் இதைக் கேட்கும் முறையிலும் ஒரு நுட்பம் இருக்கிறது. "நீங்கள் யாரிடம் வாங்குகிறீர்கள்?" என்று கேட்டால் அவர் சொல்லமாட்டார், தன்னைத் தாண்டி நீங்கள் நேரே அங்கே போய்விடுவீர்கள் என்ற அச்சம் அவருக்கு இருக்கும், அது நியாயமானதும்கூட. "இந்தப் பொருளுக்குத் தேவையான மூலப்பொருள் எந்த நகரத்தில் தயாராகிறது, அதற்கு இன்னொரு ஆலை இருக்கிறதா, இல்லையென்றால் உங்களிடம் எத்தனை வாரச் சரக்கு இருக்கிறது?" என்று கேளுங்கள். பெயரும் விலையும் இல்லாமலேயே உங்களுக்கு வேண்டிய பெரும்பகுதி கிடைத்துவிடும். நீங்கள் மருத்துவத் துறையைச் சேர்ந்தவர் என்பதால் இன்னொரு கேள்வியும் கட்டாயம்: மாற்று மூலப்பொருள் எது, அதை வைத்து உங்கள் பொறியியல் பிரிவும் தரப் பிரிவும் ஏற்கெனவே சோதனை முடித்திருக்கின்றனவா? சோதிக்கப்படாத மாற்று, தட்டுப்பாட்டு நாளில் மாற்றே அன்று; சரிபார்ப்பும் ஒழுங்குமுறை அனுமதியும் மாதக்கணக்கில் இழுக்கும். எந்தப் பொருளுக்கு எந்த மாற்று சோதனையில் தேறியது, எது தேறவில்லை, ஏன் தேறவில்லை என்ற பதிவு உங்களிடம் இருக்கக்கூடிய தகவல்களிலேயே மிகவும் விலையுயர்ந்தது. தேறாதவற்றின் பதிவைத்தான் முதலில் தூக்கிப் போடுகிறார்கள். சில ஆண்டுகள் கழித்து அதே சோதனையை வேறொருவர் புதிதாகச் செய்து அதே இடத்தில் தோற்கிறார்.

எண்களிலும் இப்படி ஒளிந்திருக்கும் அறிவு உண்டு. கொள்முதல், கையிருப்புக் கணக்குகளை வைத்திருக்கும் உங்கள் ஈஆர்பி மென்பொருளில் ஒவ்வொரு பொருளுக்கும் ஒரு லீட் டைம், அதாவது ஆர்டர் போட்டதிலிருந்து சரக்கு வந்துசேர ஆகும் காலம், இருக்கும். சப்ளையர் கோட்டேஷனில் எழுதிய எண் அப்படியே அங்கே ஏறியிருக்கும். ஒரு பொருள் நாளுக்கு 50 வீதம் சீராகச் செலவாகிறது, சராசரி லீட் டைம் 60 நாள் என்று வைத்துக்கொள்வோம். அந்த 60 நாளிலிருந்து திட்ட விலக்கம் (சராசரியைச் சுற்றி ஏறி இறங்கும் அளவு) 5 நாள் என்றால், நூற்றுக்கு 95 முறை தட்டுப்பாடில்லாமல் இருக்க ஏறக்குறைய 410 பாதுகாப்புக் கையிருப்பாகப் போதும். சராசரி அதே 60 நாளாக இருந்து திட்ட விலக்கம் 15 நாள் என்றால் அதுவே ஏறக்குறைய 1,230 ஆகிவிடும். சராசரி மாறவே இல்லை. ஆனால் வைக்க வேண்டிய கையிருப்பு மூன்று மடங்கு. கோட்டேஷன் சராசரியைக்கூடச் சரியாகச் சொல்வதில்லை, ஏற்ற இறக்கத்தைப் பற்றி அது வாயே திறக்காது. ஆர்டர் போட்ட நாள், கிடங்கில் சரக்கு இறங்கிய நாள் இரண்டும் உங்கள் ஈஆர்பியிலேயே கிடக்கின்றன. அந்த நாற்பது ஐம்பது பொருள்களுக்கு மட்டும் கடந்த இரண்டு ஆண்டுகளின் வித்தியாசத்தை எக்செல்லில் எடுத்துப் பார்க்க ஒருவருக்கு இரண்டு நாள் வேலை.

நான்காவது கேள்வியை, அதாவது தகவலின் வயதை, பற்றி என் அனுபவம் ஒன்றைச் சொல்ல வேண்டும். முன்பு நான் பணிபுரிந்த இடத்தில், துறைமுகத்திலிருந்து துறைமுகத்துக்கு எத்தனை நாள் என்று சொல்லும் அழகான அட்டவணை ஒன்று இருந்தது. அதில் 32 நாள் என்று இருந்ததை நம்பி, விழாக்காலத் தேவைக்கான மூன்று கண்டெய்னர்களுக்கு நாள் குறித்தேன். மூன்றும் வந்தபோது விழா முடிந்திருந்தது. பிறகு விசாரித்தால், அந்த அட்டவணையைத் தயாரித்தவர் வேலையை விட்டுப் போய் இரண்டு ஆண்டு ஆகியிருந்தது. கப்பல் நிறுவனம் இடையில் ஒரு துறைமுகத்தைத் தன் வழித்தடத்தில் சேர்த்திருந்தது. அட்டவணையில் தேதி இல்லை என்பதை நான் அன்று கவனிக்கவே இல்லை. அச்சிட்டுச் சட்டமிட்டு மாட்டியிருந்ததாலேயே நம்பிவிட்டேன். அண்மைக் காலத்தில் இதைவிடப் பெரிய அளவில் இது நடந்தது. 2023 நவம்பரில் தொடங்கிச் செங்கடலில் கப்பல்கள் தாக்கப்பட்டதால், ஆசியாவிலிருந்து ஐரோப்பா செல்லும் கண்டெய்னர் கப்பல்களில் பெரும்பாலானவை சூயஸ் கால்வாயை விட்டுவிட்டு ஆப்பிரிக்காவின் நன்னம்பிக்கை முனையைச் சுற்றின. பயணம் சுமார் 10 முதல் 14 நாள் நீண்டது. பழைய நாள் கணக்கு பல திட்டமிடல் அமைப்புகளில் அப்படியே இருந்தது. ஒவ்வொன்றாகக் கையால் மாற்றியவர்கள் தப்பினார்கள்.

ஆகவே உங்கள் களஞ்சியத்தில் நுழையும் ஒவ்வொரு தகவலுக்கும் காலாவதி நாள் ஒன்று இருக்க வேண்டும். கப்பல் பயண நாளுக்கு மூன்று மாதம், உண்மையான லீட் டைமுக்கு ஆறு மாதம், சப்ளையரின் ஆலை இருப்பிடத்துக்கு ஓர் ஆண்டு என்று நீங்களே வகுத்துக்கொள்ளலாம். சுங்கக் குறியீட்டைப் போன்றவை சில ஆண்டுகளுக்கு ஒருமுறைதான் மாறும், பொருள்களை வகைப்படுத்தும் உலகப் பொதுச் சுங்கக் குறியீடான எச்.எஸ். குறியீட்டின் 2022 பதிப்பு அந்த ஆண்டு ஜனவரி 1 அன்று நடப்புக்கு வந்தது, எனவே அதற்குப் பெரும்பாலும் அடுத்த பதிப்பு வரும் நாளைப் பார்த்துக்கொண்டால் போதும். காலாவதியானதை அழிக்க வேண்டாம். "உறுதிசெய்யப்படவில்லை" என்ற குறி தானாக விழட்டும். அந்தக் குறியைப் பார்க்கும் எவரும் உடனே தொலைபேசியை எடுப்பார்கள்.

இப்போது உங்கள் மூத்த அலுவலர். கடிதத்தின் கடைசியில், ஏறக்குறைய போகிறபோக்கில், அவரைக் குறிப்பிட்டிருந்தீர்கள். என்னைக் கேட்டால் உங்களிடம் உள்ள மிக அவசரமான வேலை அதுதான். மென்பொருள் அடுத்த ஆண்டும் விற்பனைக்கு இருக்கும். அவரிடம் வெற்றுத்தாளைக் கொடுத்து "உங்களுக்குத் தெரிந்ததையெல்லாம் எழுதிக் கொடுங்கள்" என்று மட்டும் கேட்டுவிடாதீர்கள். 27 ஆண்டு அனுபவமுள்ளவருக்குத் தமக்கு என்ன தெரியும் என்பது தெரியாது. அது கேள்வி வரும்போதுதான் மேலே வரும். அவர் எழுதித் தரும் நாற்பது பக்கமும் நிறுவனத்தின் நடைமுறைக் கையேட்டில் ஏற்கெனவே இருப்பதாகத்தான் இருக்கும். அவர் போட்ட பழைய கொள்முதல் ஆணைகளை அச்செடுத்துக்கொண்டு, அவருடைய இடத்துக்கு வரப்போகும் இளையவரை அவர் பக்கத்தில் உட்கார வையுங்கள். ஆணையில் உள்ள எண் கோட்டேஷனிலிருந்து எங்கே விலகுகிறதோ அங்கே மட்டும் நிறுத்திக் கேட்கச் சொல்லுங்கள். நான் உடனிருந்த ஓர் அமர்வு இப்படிப் போனது:

"சார், கோட்டேஷனில் 10 வாரம் என்று இருக்கிறது. இந்த ஆணைக்கு மட்டும் 15 வாரம் முன்னதாகப் போட்டிருக்கிறீர்களே?"

"அது செப்டம்பரில் வரவேண்டிய சரக்கு. நம் வார்ப்பு அச்சு ஓடுகிற அதே மெஷினில்தான் அவர்களுடைய பெரிய வாடிக்கையாளரின் வேலையும் ஓடும். காலாண்டின் கடைசி மாதத்தில் அவர்கள் மொத்தமாக எடுப்பார்கள். அந்த மாதம் நாம் வரிசையில் பின்னால்தான்."

"இது அவர்கள் சொன்னதா?"

"சொல்லமாட்டார்கள். ஒருமுறை தரப் புகாருக்காக ஒரு போட்டோ அனுப்பினார்கள். மெஷினுக்குப் பக்கத்தில் வேறு பெயர் ஒட்டிய பெட்டிகள் அடுக்கியிருந்தன. போன் செய்து கேட்டேன், சிரித்தார். பிறகு மூன்று காலாண்டு கவனித்தேன்."

இந்த நான்கு பேச்சில் உள்ளது எந்த ஆவணத்திலும் இருந்திருக்க முடியாது. இளையவர் அன்று மாலை அதைப் பதிவுசெய்தது இவ்வளவுதான்: "வால்வு உறை, இந்தச் சப்ளையர்: மார்ச், ஜூன், செப்டம்பர், டிசம்பர் மாதங்களில் வரவேண்டிய சரக்குக்கு 10 வாரத்துக்குப் பதில் 15 வாரம் கொள்க. காரணம்: மெஷின் இன்னொரு வாடிக்கையாளருடன் பகிர்வு. ஆதாரம்: மூத்த அலுவலரின் நேரடிக் கவனிப்பு, மூன்று காலாண்டு, சப்ளையர் எழுத்தில் உறுதிசெய்யவில்லை. அவர்கள் இரண்டாவது மெஷின் வாங்கினால் இந்தக் குறிப்பு செல்லாது. மறுபார்வை: ஆறு மாதம்." ஐந்து வாக்கியம். முடிவும் காரணமும் நம்பகத்தின் அளவும் எப்போது செல்லாது என்பதும் அதில் இருக்கின்றன. அது ஒரு தனிக் கோப்பாகக் களஞ்சியத்தில் உறங்காமல், அந்தப் பொருளுக்கு ஆணை போடும்போது ஈஆர்பி திரையில் கண்ணில் படும் குறிப்பாக ஏறியது என்பது இதைவிட முக்கியம். தேடிப்போய்ப் படிக்க வேண்டிய அறிவை, நேரம் நெருக்கும் நாளில் யாரும் தேடுவதில்லை.

இத்தகைய அமர்வுகள் வாரத்துக்கு இரண்டு, ஒவ்வொன்றும் ஒன்றரை மணி நேரத்துக்கு மேல் வேண்டாம். மூன்று மாதம் இப்படிப் போகட்டும். கடைசி இரண்டு மாதம் இளையவர் முடிவெடுக்க, மூத்தவர் பக்கத்தில் இருந்து பார்க்கட்டும். ஆள்களைப் பற்றிய அறிவை, அதாவது எந்தச் சப்ளையரிடம் நெருக்கடியில் யாரைக் கூப்பிட்டால் வேலை நடக்கும் என்பதை, எழுத்தில் மாற்ற முயல வேண்டாம். அந்தத் தொலைபேசி அழைப்புகளில் இளையவரையும் சேர்த்துக்கொண்டு, "இனி இவர் பேசுவார்" என்று மூத்தவரே அறிமுகம் செய்து வைப்பதுதான் அதற்கு வழி.

ஒரு சங்கடத்தையும் மறைக்காமல் சொல்கிறேன். தமக்கு மட்டும் தெரிந்ததை வைத்தே நிறுவனத்தில் மதிக்கப்பட்டவர் அதை எளிதில் கொடுத்துவிடமாட்டார். கொடுக்கும்படி உத்தரவிட்டால் சாரமில்லாததைக் கொடுப்பார். அவர் ஓய்வுபெற்ற பிறகும் ஓராண்டு மாதத்துக்கு இரண்டு நாள் ஆலோசகராக வர ஒரு சிறு ஒப்பந்தம் செய்துகொள்ள முடியுமா என்று நிர்வாகத்திடம் கேளுங்கள். அவசரக் கேள்விகளுக்கு அவர் கையில் இருப்பார் என்பதைவிட, தம் அறிவுக்கு விலை உண்டு என்பதை நிறுவனம் ஒப்புக்கொண்டதாக அவருக்குத் தோன்றும் என்பதுதான் அதன் பெரிய பயன்.

பெரிய முடிவுகளுக்கு ஒரு குறிப்பேடு வைத்துக்கொள்ளுங்கள். முடிவெடுத்த அன்றே, என்ன தெரிந்திருந்தது, என்ன தெரியாமல் இருந்தது, என்ன நடக்கும் என்று எதிர்பார்த்தோம் என்று அரைப் பக்கம் எழுதினால் போதும். விளைவு தெரிந்த பிறகு எழுதினால் எல்லோரும் ஆரம்பத்திலேயே சரியாகச் சொன்னவர்களாகிவிடுவார்கள். நான்கு மாதத்துக்கு முன் நடந்ததைப் பற்றி உங்கள் அலுவலகத்தில் இன்று பேசிப் பாருங்கள், நான் சொல்வது புரியும்.

தட்டுப்பாட்டுச் சூட்டில் அடிபட்டவர்கள் அடுத்த முறை ஒரே பொருளுக்கு மூன்று சப்ளையர்களிடம் ஆர்டர் போடுவார்கள். உங்கள் பிரிவிலும் அந்தச் சபலம் இப்போது இருக்கும். நீங்கள் போடும் ஆர்டரும் சங்கிலியில் கீழே உள்ளவருக்கு ஒரு தகவல்தான். அது பொய்யானால் அவர்கள் எடுக்கும் முடிவும் பொய்யாகும். சிஸ்கோ நிறுவனம் 2001-இல் 200 கோடி டாலருக்கும் மேற்பட்ட சரக்கை மதிப்பிழந்ததாகக் கணக்கில் எழுத நேர்ந்ததற்கு, வாடிக்கையாளர்கள் தட்டுப்பாட்டுக் காலத்தில் இரட்டிப்பாகப் போட்ட ஆர்டர்களை உண்மைத் தேவை என்று எடுத்துக்கொண்டது ஒரு முக்கியக் காரணம். முன்னெச்சரிக்கையாகப் போடும் ஆர்டர் என்றால் அதைச் சப்ளையரிடம் அப்படியே சொல்லிவிடுங்கள்.

மென்பொருளைப் பற்றிக் கேட்டிருந்தீர்கள். இப்போது வாங்க வேண்டாம். உங்கள் 14,000 கோப்புகளில் ஒரே ஒப்பந்தத்தின் மூன்று பதிப்புகளும், தேதியில்லாத அட்டவணைகளும், செல்லாத விலைப்பட்டியல்களும் இருக்கும். உதவியாளர் அவற்றில் ஒன்றை எடுத்துச் சரளமான வாக்கியத்தில் பதில் சொல்லும். அந்தச் சரளம்தான் ஆபத்து, ஏனென்றால் என் சட்டமிட்ட அட்டவணையைப் போல அதையும் நம்பிவிடுவோம். ஓராண்டு கழித்து, முடிவோடு இணைந்த, தேதியும் பொறுப்பாளரும் காலாவதியும் உள்ள சில நூறு பதிவுகள் உங்களிடம் சேர்ந்திருக்கும்போது அதை வாங்கினால், ஒவ்வொரு பதிலுக்கும் மூலப் பதிவையும் அதன் தேதியையும் காட்டியாக வேண்டும் என்ற நிபந்தனையோடு வாங்குங்கள். அதற்கு முன்பே ஏதாவது வாங்கித்தான் ஆக வேண்டும் என்று நிர்வாகம் வற்புறுத்தினால், உள்ளே வரும் சப்ளையர் அறிவிப்புகளைப் படித்து, மாற்றம், நிறுத்தம், தாமதம் என்று தரம்பிரித்துப் பொதுப் பெட்டியில் மேலே கொண்டுவரும் வேலையை மட்டும் அதற்குக் கொடுங்கள். அந்த வேலையில் தவறு நேர்ந்தாலும் மனிதக் கண் ஒன்று பின்னால் இருக்கும்.

நிர்வாகத்திடம் இதை எடுத்துச் செல்லும்போது அந்த 11 நாள் கணக்கை ஒரே பக்கமாக முன்வையுங்கள்; ஆறு மாதத்தில் அதை 3 நாளாக்கிக் காட்டுகிறேன் என்று சொல்லுங்கள். அடைந்தோமா என்று பார்க்க இன்னொரு விபத்துக்குக் காத்திருக்க வேண்டியதில்லை. அந்த நாற்பது ஐம்பது பொருள்களில் ஒன்றை எடுத்து, அதன் ஆலை இன்று காலை நின்றுவிட்டது என்று முன்னறிவிப்பில்லாமல் பிரிவுக்கு ஒரு மின்னஞ்சல் அனுப்பிக் கடிகாரத்தைப் பாருங்கள். முதல் ஒத்திகையை மூத்த அலுவலர் இருக்கும்போதே நடத்துங்கள், ஆனால் அன்று அவரை வீட்டிலேயே இருக்கச் சொல்லுங்கள். எத்தனை முறை அவருக்குத் தொலைபேசி போகிறது, எந்தக் கேள்விக்குப் போகிறது என்று குறித்துக்கொள்ளுங்கள். அடுத்த வார அமர்வில் அவரிடம் கேட்க வேண்டியவை அந்தக் கேள்விகள்தான்.